கிறிஸ்துமஸ் கதைக்குத் தமிழ் தேடிய வெள்ளைக்காரர்

டிசம்பர் மாதத்தில் ஏற்காட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். காலையில் வெயில் ஏறும் வரை ஏரி கண்ணில் படாது. மூடுபனி மூடிக்கொண்டு இருக்கும். காப்பித் தோட்டங்களில் பழம் சிவந்து தொங்கும். பழம் பறிக்கும் பெண்கள் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கூடையும் கையுமாகக் கிளம்புவார்கள். குளிர் எலும்பைத் தொடும்.

அந்த மாதக் கடைசியில் மலைமேல் உள்ள தேவாலயங்களில் மணி ஒலிக்கும். கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏற்காட்டில் இருக்கும் ஹோலி டிரினிட்டி தேவாலயம் 1853-ம் ஆண்டில் ஏற்பட்டது. அந்தக் காலத்தில் அங்கே கூடி வணங்கியவர்களில் பெரும்பாலோர் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர்கள். காப்பித் தோட்டக்காரர்கள், சர்க்கார் அதிகாரிகள், பாதிரிமார்கள். சொந்த ஊரில் உறவினரோடு கொண்டாட வேண்டிய பண்டிகையை, 5,000 அடி உயரத்தில் ஒரு தமிழ்நாட்டு மலையில் கொண்டாடியவர்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், 1882-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி ஏற்காட்டில் கண்ணை மூடினார். இன்னும் 13 நாள் இருந்திருந்தால் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும். தாய்நாட்டை விட்டுக் கப்பல் ஏறி 56 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் பெயர் பீட்டர் பெர்சிவல். ஆறுமுக நாவலரின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிது அல்ல. யாழ்ப்பாணத்தில் இன்றும் பேர்சிவல் பாதிரியார் என்றால் படித்தவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் பண்டிகை கொண்டாடுகிறவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? தங்கள் ஊர்ப் பலகாரத்தைச் செய்து அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள். தங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுவார்கள். பெர்சிவல் வேறு ஒன்றைக் கொடுக்க நினைத்தார். பண்டிகைக்கு ஆதாரமான கதையையே, தமிழன் காதுக்குத் தமிழாகவே கேட்கும்படி கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். அந்த உழைப்புக்குத் துணையாக அவருக்குக் கிடைத்தவர் ஒரு கிறிஸ்தவர் அல்ல. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு சைவ வாலிபர்!

நத்தார்

பெர்சிவல் பிறந்தது 1803-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி. இங்கிலாந்துக்காரர். வெஸ்லியன் மெதடிஸ்டு சபையின் பாதிரியாராக 1826-ம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. அது திறந்தது 1869-ல்தான். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டுதான் கப்பல் வரவேண்டும். வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டுப் பதில் வருவதற்குள் ஒரு கிறிஸ்துமஸ் போய்விடும்.

நடுவில் சில காலம் வங்காளத்தில் இருந்தார். பிறகு மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார்.

யாழ்ப்பாணத்தில் கிறிஸ்துமசுக்குப் பெயர் நத்தார். இன்றும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கிறிஸ்து பிறந்த நாளுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் நத்தால் என்று பெயர். 1619-ல் இருந்து 1658 வரை யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியர் ஆண்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் போய்விட்டார்கள். வெள்ளைக்காரன் கோட்டையை விட்டுப் போனாலும் அவன் விட்டுப்போன ஒரு சொல் மட்டும் தமிழனின் நாக்கில் தங்கிவிட்டது.

பெர்சிவல் அங்கே கண்ட இன்னொரு விசேஷம் உண்டு. அக்கம்பக்கத்து ஊர்களில் அமெரிக்கப் பாதிரிமார்கள் பள்ளிக்கூடங்கள் நடத்தி வந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே. ஆனால் கிறிஸ்துமஸ் அவர்களுடைய ஊர் வழக்கம் அல்ல! அவர்கள் வந்த நியூ இங்கிலாந்துப் பகுதியில் பழைய பியூரிட்டன் கூட்டத்தார் அந்தப் பண்டிகையை வெறுத்தார்கள். வேதத்தில் தேதி சொல்லப்படவில்லை, ஆகையால் கொண்டாடக் கூடாது என்பது அவர்கள் கட்சி. மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 1659-ம் ஆண்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களுக்கு 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681-ல் அந்தச் சட்டம் நீங்கியது. ஆனாலும் அது விடுமுறை நாளாக 1856 வரை காத்திருக்க வேண்டி இருந்தது.

ஒரே மதம், ஒரே வேதம். ஒரு வீட்டில் பண்டிகை, பக்கத்து வீட்டில் வேலை நாள். தமிழர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ!

மார்கழி விடியல்

தமிழர்களுக்கும் அந்த நாட்கள் சும்மா இருக்கும் நாட்கள் அல்ல. டிசம்பர் 25 மார்கழியில் வரும். மார்கழி பிறந்தால் யாழ்ப்பாணத்துச் சிவன் கோவில்களில் விடியற்காலையில் சங்கு ஊதும். மணி அடிக்கும். திருவெம்பாவை ஓதுவார்கள். திருவாதிரை வரையில் ஊரே விடிவதற்கு முன்னால் விழித்துக்கொள்ளும். பனியில் குளித்து, திருநீறு பூசி, தெருவில் பாடிக்கொண்டு போவார்கள்.

கிறிஸ்தவர்களும் அந்த நாட்களில் இரவில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவது உண்டு. இருட்டு ஒன்று. பனி ஒன்று. பாட்டு மட்டும் வேறு.

1834-ம் ஆண்டில் பெர்சிவல் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். அதற்கு மத்திய பாடசாலை என்று புதுப் பெயர் வைத்தார். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என்று பெயர் பெற்று விளங்குவது அதுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்க நல்லூரில் இருந்து ஒரு பையன் வந்தான். பெயர் ஆறுமுகம். தகப்பனார் கந்தப்பிள்ளை. 1822-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி, கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்த பிள்ளை. சைவக் குடும்பம். வீட்டிலேயே தமிழ் இலக்கணமும் இலக்கியமும் ஓரளவு படித்திருந்தான்.

பையனுடைய தமிழைக் கண்டு பெர்சிவல் அசந்துபோனார். படிப்பு முடிந்ததும் அதே பள்ளிக்கூடத்தில் அவரை உபாத்தியாயர் ஆக்கிக்கொண்டார். தமக்கும் தமிழ் சொல்லித்தர அவரையே வைத்துக்கொண்டார். பிறகு ஒரு பெரிய வேலைக்கு அழைத்தார். பைபிள் முழுவதையும் புதிதாகத் தமிழில் பெயர்க்க வேண்டும். அதற்குத் துணை வேண்டும்.

ஆறுமுகம் ஒப்புக்கொண்டார். ஆனால் சைவ ஒழுக்கத்தை ஒரு அணுவும் விடமாட்டார். திருநீறு அணிந்தபடிதான் வருவார். பெர்சிவல் அதைத் தடுக்கவில்லை என்று நாவலர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பாதிரிமார்களில் இது எல்லோரும் செய்யக்கூடிய காரியம் அல்ல.

தொழுவமும் கிடையும்

பைபிள் தமிழில் அதற்கு முன்பே இருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய வேலை அது. பிறகு பப்ரிசியஸ் ஒரு மொழிபெயர்ப்பைச் செய்தார். அதற்குப் பின் இரேனியஸ் செய்தார். ஆனால் படித்த தமிழர்கள் அவற்றைக் கையில் எடுத்தால் முகம் சுளிப்பார்கள். சொல் தமிழ், வாக்கியம் அன்னியம் என்பது அவர்கள் குறை. பண்டிதர்கள் சிரிப்பதைப் பெர்சிவல் அறிந்திருந்தார். சிரிப்புக்கு இடம் இல்லாத ஒரு பெயர்ப்பு வேண்டும் என்பது அவர் ஆசை.

இருவரும் 1841-ம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தார்கள். பெர்சிவல் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்வார். ஆறுமுகம் அதற்குத் தமிழ் சொல்வார். இலக்கணம் பொருந்துகிறதா, வழக்கில் உண்டா, கேட்பவர் வேறு பொருள் கொள்வாரா என்று பார்க்க வேண்டும்.

ஒரு விசித்திரம் பாருங்கள். கிறிஸ்துமஸ் கதையை லண்டன்காரனுக்குச் சொல்வதைவிட யாழ்ப்பாணத்து விவசாயிக்குச் சொல்வது எளிது! நிறைமாத கர்ப்பிணி வெளியூரில் தங்க இடம் இல்லாமல் தவிக்கிறாள். பிறந்த குழந்தையைப் பழந்துணியில் சுற்றி, மாட்டுக்குத் தீனி போடும் இடத்தில் படுக்க வைக்கிறாள். மாட்டுத் தொழுவம் எப்படி இருக்கும் என்று தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. மாட்டின் முன்னே தீனி வைக்கும் இடத்துக்கு முன்னணை என்று ஒரு தனிச் சொல்லே தமிழில் உண்டு. இன்று தேவாலயங்களில் வாசிக்கும் பைபிளில் அந்தச் சொல்தான் இருக்கிறது.

வயலில் ராத்திரி ஆட்டு மந்தையோடு காவல் கிடந்த இடையர்களுக்கு முதலில் செய்தி கிடைக்கிறது. அறுவடைக்குப் பிறகு வயலில் ஆட்டுக்கிடை போட்டு, இடையன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பதைத் தமிழ்நாட்டில் காணாதவர் யார்? கதை கீழ்நாட்டுக் கதை. கீழ்நாட்டு மொழிக்கு அது வந்தபோது வீடு திரும்பின மாதிரி ஆயிற்று.

பனிக்கட்டியும் கலைமான் வண்டியும் வேதத்தில் கிடையாது. அவையெல்லாம் குளிர்நாட்டார் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்ட அலங்காரம்.

1847 கிறிஸ்துமஸ் வாரம்

1847-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. வெஸ்லியன் சபையில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு முக்கியமான இடம் உண்டு. அந்தச் சபையை உண்டாக்கிய வெஸ்லி சகோதரர்களில் இளையவரான சார்லஸ், உலகம் முழுவதும் இன்று பாடும் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை 1739-ல் வெளியிட்டவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை டிசம்பர் 31. மார்கழி 18-ந் தேதி. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோவிலில் கூட்டம் கூடியது. ஒரு வாலிபர் எழுந்து சைவ சமயத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். வேறு யாரும் அல்ல. பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழ் ஆக்கிக்கொண்டிருந்த ஆறுமுகம்தான்! அப்போது அவருக்கு வயது 25.

கோவில்களில் புராணம் படிப்பது உண்டு. பொருள் சொல்வது உண்டு. ஆனால் வாரத்துக்கு வாரம் குறித்த நாளில், ஜனங்களைக் கூட்டி வைத்து, எளிய தமிழில் சமயப் பிரசங்கம் செய்வது பாதிரிமார்களின் முறை. அந்த முறையை அவர்களோடு இருந்து கற்றுக்கொண்டு, அவர்கள் பிரசாரத்தைத் தடுக்கவே அவர் அதைக் கையில் எடுத்தார். அன்று தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தொடர்ந்து நடந்தது. யாழ்ப்பாணத்தில் அதுவே பேச்சாக இருந்தது.

பெர்சிவலின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பகலில் தம்மோடு உட்கார்ந்து கிறிஸ்துவின் கதைக்குத் தமிழ் சொல்கிறவர், வெள்ளிக்கிழமை மாலையில் கிறிஸ்தவர்களின் பிரசாரத்தை மறுத்துப் பேசுகிறார். மற்றப் பாதிரிமார்கள் சும்மா இருப்பார்களா? சம்பளம் கொடுத்து எதிரியை வளர்ப்பதாக ஒருவர் நினைத்தாலும் அது இயற்கைதான்.

ஆனாலும் பெர்சிவல் அவரை வேலையில் இருந்து நீக்கவில்லை. மொழிபெயர்ப்பு வேலையும் நின்றுபோகவில்லை.

சென்னைப் பரீட்சை

வேலை முடிந்தது. ஆனால் சென்னையில் இருந்த பாதிரிமார்களுக்குச் சந்தேகம். யாழ்ப்பாணத்துத் தமிழ் எங்கள் ஊர் வழக்குக்கு ஒத்துவருமா என்று கேட்டார்கள். யாராவது ஒரு பெரிய பண்டிதர் பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள்.

பெர்சிவலும் ஆறுமுகமும் ஏட்டுச்சுமையோடு சென்னைக்குக் கப்பல் ஏறினார்கள். மழவை மகாலிங்கையரிடம் போனார்கள். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை முதன்முதலில் அச்சிட்டுத் தந்தவர் அவர். பெரிய இலக்கண வித்துவான். அவர் படித்துப் பார்த்தார். தமிழில் குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். நாவலர் வரலாறுகளில் இந்தச் செய்தி தவறாமல் வரும். கிறிஸ்தவ வேதத்துக்கு ஒரு சைவர் தமிழ் எழுத, ஒரு பிராமண வித்துவான் சான்று கொடுத்தார்!

1848-ம் ஆண்டு செப்டம்பரில் ஆறுமுகம் பெர்சிவலின் பள்ளிக்கூடத்தை விட்டு விலகினார். சம்பளத்தை உயர்த்துவதாகச் சொல்லி பெர்சிவல் எவ்வளவோ கேட்டுக்கொண்டாராம். அவர் இணங்கவில்லை. வண்ணார்பண்ணையில் சொந்தமாகச் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். மறு ஆண்டு சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கினார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டத்தைக் கொடுத்தது. பின்னால் அவர் எழுதிய பாலபாடங்களையும் தெளிந்த உரைநடையையும் தமிழ் உலகம் அறியும். பள்ளி, அச்சுக்கூடம், பிரசங்கம் என்று பாதிரிமார்கள் வைத்திருந்த மூன்று கருவிகளையும் சைவத்துக்கு ஆக்கிக்கொண்டவர் அவர்.

ஒதுக்கி வைத்த புத்தகம்

பைபிள் 1850-ம் ஆண்டில் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. அதற்கு என்ன பெயர் கொடுத்தார்கள் தெரியுமா? தற்காலிக மொழிபெயர்ப்பு! பரீட்சித்துப் பார்க்கலாம் என்ற அர்த்தத்தில் அப்படிச் சொன்னார்கள்.

பரீட்சையில் அது தேறவில்லை. பண்டிதர் மெச்சிய நடை, சபை ஜனங்களுக்கு உயரமாக இருந்தது. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய பெயர்ப்புகளைக் கேட்டுப் பழகியிருந்தன. பாட்டி காலத்தில் இருந்து கிறிஸ்துமஸ் அன்று காதில் விழுந்த வாக்கியத்தை மாற்றினால் யார் ஒப்புவார்கள்? தவறு என்றாலும் அது அவர்களுடைய தவறு. அதில் ஒரு பாசம் இருக்கும்.

முடிவில் ஹென்றி பவர் என்பவர் தலைமையில் வேறு ஒரு திருத்தம் செய்தார்கள். அது 1871-ம் ஆண்டில் முழுமையாக வெளிவந்தது. பழையதையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்துப் பார்த்துச் செய்தது. அதுவே தமிழ்நாட்டில் நிலைத்தது. பெர்சிவலின் பல ஆண்டு உழைப்பு அலமாரிக்குப் போயிற்று.

மனம் ஒடிந்துபோக இது போதும். அவர் ஒடிந்துபோகவில்லை. ஆனால் வாழ்க்கை திசை மாறியது.

மாறிப்போன இங்கிலாந்து

1851-ம் ஆண்டில் பெர்சிவல் யாழ்ப்பாணத்தை விட்டு இங்கிலாந்துக்குப் போனார். வெஸ்லியன் சபையை விட்டு ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்தார். இந்தியாவைப் பற்றிச் சொற்பொழிவுகள் செய்தார். அவை 1854-ல் புத்தகமாக வந்தன.

அவர் 1826-ல் விட்டுவந்த இங்கிலாந்து அங்கே இல்லை. முக்கியமாக, அவர் விட்டுவந்த கிறிஸ்துமஸ் அங்கே இல்லை!

அவர் கப்பல் ஏறிய காலத்தில் ஆங்கிலேயர் வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் வழக்கம் பரவவில்லை. அது ஜெர்மானியர் வழக்கம். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் ஜெர்மானியர். அரச குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதன் பிறகு ஊர் முழுவதும் மரம்! கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் அப்படியே. முதல் அட்டை 1843-ல் லண்டனில் அச்சாயிற்று. டிக்கன்ஸ் எழுதிய பிரபலமான கிறிஸ்துமஸ் கதை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்தியாவில் இருந்தவர்கள் பழைய ஊரை நினைத்துப் பழைய பண்டிகையைக் கொண்டாடிக்கொண்டு இருந்தார்கள். ஊரோ அவர்களை விட்டுவிட்டு மாறிக்கொண்டு இருந்தது. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போய்த் திரும்பிய தமிழர்களுக்கு இந்த அனுபவம் புதிது அல்ல. பொங்கலுக்கு ஊர் வந்து பார்த்தால், தான் நினைவில் வைத்திருந்த பொங்கல் அங்கே இருக்காது.

பெர்சிவல் இங்கிலாந்தில் தங்கவில்லை. மறுபடி கப்பல் ஏறினார். இந்தத் தடவை சென்னைக்கு.

பெயரில் தினம், வருவது வாரம்

1855-ம் ஆண்டில் சென்னையில் தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகையை அவர் தொடங்கினார். தினவர்த்தமானி என்றால் தினச் செய்தி. ஆனால் வந்தது வாரம் ஒரு முறை! பெயரில் இருந்த ஆசை அச்சுக்கூடத்துக்கு எட்டவில்லை போலும். தமிழில் செய்திப் பத்திரிகைக்கு முன்னோடிகளில் அது ஒன்று.

அந்தப் பத்திரிகையை நடத்த யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு வாலிபரை வரவழைத்தார். அவர் சி.வை.தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். பிற்காலத்தில் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று பழைய ஏடுகளைத் தேடி அச்சிட்ட பெருமான். அவரும் பிற்காலத்தில் சைவத்தில் நின்றவரே. நல்ல தமிழ் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில் பெர்சிவலின் கண் தப்பியதே இல்லை.

மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். பல்கலைக்கழகத்தில் ரிஜிஸ்திராராக இருந்தார். அகராதிகள் செய்தார். இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு. அதுதான் பழமொழி.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே 1840-களின் தொடக்கத்தில் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கில விளக்கத்தோடு ஒரு புத்தகம் போட்டிருந்தார். அதோடு விடவில்லை. கேட்கக் கேட்கச் சேர்த்துக்கொண்டே போனார். 1874-ல் தினவர்த்தமானி அச்சுக்கூடத்தில் பெரிய பதிப்பு வந்தது. அதில் 6,000-க்கு மேற்பட்ட பழமொழிகள்! அப்போது அவருக்கு வயது 70 கடந்துவிட்டது.

பழமொழி பண்டிதர் வீட்டுச் சரக்கு அல்ல. அடுப்பங்கரையிலும் களத்துமேட்டிலும் சந்தையிலும் கிடப்பது. மாமியார் மருமகளைக் குத்தும்போது வரும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது வரும். அதைப் பிடிக்க வேண்டுமானால் ஜனங்களோடு இருக்க வேண்டும். பண்டிதர் தமிழைத் தேடி வேதத்தைப் பெயர்த்தவர், கடைசியில் பாட்டிமார் தமிழிடம் வந்து சேர்ந்தார். சபை ஜனங்கள் அவருடைய பைபிளைத் தள்ளியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒன்று நிச்சயம். தள்ளப்பட்ட புத்தகத்தைவிட இந்தப் புத்தகம்தான் நீண்ட நாள் வாழ்ந்தது.

மலைக்குப் போகும் வழி

அவருடைய வாழ்க்கை முடிந்த இடம் ஏற்காடு.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பிச் செடியை வைத்தார். விதை அரபு நாட்டில் இருந்து வந்தது என்பார்கள். அவருக்குப் பின்னால் தோட்டக்காரர்கள் வந்தார்கள். உஷ்ணம் தாங்காத பாதிரிமார்களும் வந்தார்கள். 1860-களில் சேலத்துக்கு ரெயில் வந்துவிட்டது. ஆனால் மலைக்கு மோட்டார் பாதை இல்லை. அடிவாரம் வரை வண்டி. அதற்குமேல் குதிரை, அல்லது ஆட்கள் தூக்கும் டோலி. கிழவர்களுக்கும் பெண்களுக்கும் டோலிதான்.

மலைமேல் கிறிஸ்துமஸ் காப்பி பறிக்கும் காலத்தில் வரும். கூலிக்காரர்களுக்கு ஓய்வு இல்லாத காலம். துரை வீட்டில் உலர்ந்த திராட்சை போட்டுப் புட்டிங்கு வேகும். அதை அவித்து எடுப்பவர் நம் ஊர்ச் சமையல்காரர். ஊசியிலை மரத்துக்கு எங்கே போவது? தமிழ்நாட்டில் பல இடங்களில் சவுக்குக் கிளையை வெட்டி நட்டு, அதுதான் கிறிஸ்துமஸ் மரம் என்றார்கள். இன்றும் அந்த வழக்கம் இருக்கிறது. வாசல் தூணில் வாழை மரம் கட்டி, சாமந்தி மாலை தொங்கவிடுவது வேலைக்காரர்கள் தாங்களாகச் செய்த அலங்காரம். விசேஷ வீடு என்றால் வாழை கட்டாமல் எப்படி?

பண்டிகை நாளில் கீழ் உத்தியோகஸ்தர்களும் கடைக்காரர்களும் தட்டில் பழமும் பூவும் இனிப்பும் வைத்துத் துரை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். இதற்கு டாலி என்று பெயர். நாளடைவில் தட்டு பெரிதாகி, அது லஞ்சமாகவும் மாறியது. சர்க்கார் கண்டித்து உத்தரவு போடும் அளவுக்குப் போயிற்று. ஆனால் பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகும்போது ஒரு எலுமிச்சம்பழமாவது கையில் கொண்டுபோக வேண்டும் என்பது நம் ஊர் மரியாதை. அந்த மரியாதை கிறிஸ்துமசுக்குள் புகுந்துகொண்டது.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகளும் வெளியே இருந்து வந்தவர்கள்தான் என்று அவர்கள் கதை சொல்கிறது. காஞ்சிபுரத்தில் இருந்து மூன்று சகோதரர்கள் தங்கள் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்களாம். மூத்தவரின் வழியினர் சேர்வராயன் மலையில் தங்கினார்கள். மற்றவர்கள் வேறு மலைகளுக்குப் போனார்கள். மலை உச்சியில் சேர்வராயன் கோவிலில் மே மாதத்தில் திருவிழா நடக்கிறது. குகை போன்ற அந்தக் கோவிலுக்குப் பல மலைக் கிராமங்களில் இருந்து ஜனங்கள் கூடுகிறார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் எந்தக் காலத்திலும் சாமியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள்.

மருமகன்

பெர்சிவலின் மகள் எலிசபெத் ஆன் என்பவரை 1862-ல் மணந்தவர் ராபர்ட் புரூஸ் பூட். மண்ணியல் ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்தவர். 1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய கோடரி! இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அது.

அந்த இலாகாவில் மழை நின்ற பிறகுதான் வெளியூர் வேலை. குளிர்காலம் முழுவதும் கூடாரத்தில் இருக்க வேண்டும். ஆகவே கிறிஸ்துமஸ் எங்கேயாவது ஒரு காட்டில், கல்லும் மண்ணுமாகக் கழியும். பாதிரியாருக்கு எந்த வேலை பண்டிகை நாளில் உச்சத்துக்கு வருமோ, அதே நாளில் மருமகன் ஆள் அரவம் இல்லாத இடத்தில் இருப்பார். மகள் நிலைதான் சங்கடம்.

பூட் 1891-ல் ஓய்வு பெற்றார். பிற்காலத்தில் அவரும் ஏற்காட்டில்தான் வீடு வைத்துக்கொண்டார். ஐவி காட்டேஜ் என்பது அந்த வீட்டின் பெயர். மலைச் சரிவுகளில் இருந்து மெருகேற்றிய கல் கோடரிகளைச் சேகரித்தார். அவருடைய சேகரம் 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது.

ஆனி மாத முடிவு

1879-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் காலமானார். மாணவருக்கு 57 வயது முடியவில்லை. ஆசிரியருக்கு 76. இருவரும் பிரிந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருவர் சைவத்தைத் தாங்கி நிறுத்தினார். மற்றவர் கடைசி வரை கிறிஸ்தவர். ஒருவர் மதத்துக்கு மற்றவர் மாறவில்லை. ஒருவர் தமிழை மற்றவர் குறைத்துப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு பெர்சிவல் மூன்று கிறிஸ்துமஸ்களைப் பார்த்தார். 1882 ஆனி மாதக் கடைசியில், ஏற்காட்டில் மழையும் மூடுபனியும் உள்ள நாட்களில் அவர் காலமானார். 79-வது பிறந்த நாளுக்கு அவர் இருக்கவில்லை.

மருமகன் பூட் அதன் பிறகு 30 ஆண்டுகள் இருந்தார். 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி, கிறிஸ்துமஸ் முடிந்து நான்காம் நாள், கல்கத்தாவில் இறந்தார். அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. மாமனார் போன மலைக்கே மருமகனின் பெயரும் வந்து சேர்ந்தது.